கறுப்பு ஒயர் எதற்கு, மாமா?

நான் எது கேட்டாலும் சிரித்தே நழுவிய என் மாமாவுக்கு,

அத்தை விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கை வீக்கமும் வடிந்துவிட்டது. பொழுது சாய்ந்த நேரத்தில் சமையலறைச் சுவரில் ஸ்விட்சைத் தடவித் தேடியிருக்கிறார், வாசல்படி காலைத் தட்டிவிட்டது. அதை எங்களிடம் சொல்லாமல் மறைத்ததுதான் உங்கள் மகளுக்குத் தாங்கவில்லை.

கவிதாவை உங்களுக்குத் தெரியாதா? பரமத்தி வேலூர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை நாமக்கல்லுக்கு, எங்களோடு கூட்டிவந்துவிடுவது என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "பூட்டறதுன்னா என்னையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போ கண்ணு" என்றார் அத்தை. இரண்டு பேரும் உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"ஆடியில யாராச்சும் குடி மாத்துவாங்களா?" என்று நான் நடுவில் புகுந்தேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வாடகை குறைவு என்று ஆடியில்தான் என் முதல் கடையைத் திறந்தேன், நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தீர்கள். ஆனாலும் கவிதா அடங்கினாள். ஆவணி பிறப்பதற்குள் அந்த வீட்டில் வெளிச்சத்தைச் சரி செய்ய வேண்டும், இல்லையென்றால் அத்தை வீட்டை விட்டாக வேண்டும். எனக்குக் கிடைத்த தவணை அவ்வளவுதான்.

போனிலும் எரியும், ஆள் நடந்தாலும் தானாக எரியும் என்று இப்போது ஸ்மார்ட் ஸ்விட்ச் வருகிறது மாமா. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்றை எடுத்து வைத்து, "தொட்டா போதும் சார்" என்றான். போர்வெல் போடுகிற ரிக் லாரிக்கு உதிரி பாகம் விற்கிறவன் நான். நல்லாயிருக்கிற நாளில் எப்படி ஓடும் என்று கேட்க மாட்டேன், படுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்றுதான் கேட்பேன். "கரண்ட் போய்ட்டு வந்தா இது எரியுமா, அணைஞ்சே கிடக்குமா? நெட்டு இல்லைன்னா கையால போடலாமா?" அவன் யாருக்கோ போன் போட்டான். ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு மாதிரியாம். முன்பு இருந்த நிலைக்கே திரும்புகிற வகையும் உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டுமாம்.

பிறகு அவன் என்னைக் கேட்டான்: "பழைய வீடா சார்? ஸ்விட்ச் பெட்டில நியூட்ரல் இருக்கா?" கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்தான் நியூட்ரல். சாதா ஸ்விட்சுக்கு அது தேவையில்லை. ஆனால் ஸ்மார்ட் ஸ்விட்ச் விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். பழைய வீடுகளில் நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும், ஸ்விட்ச் பெட்டிக்கு வராது. அப்படிப்பட்ட வீட்டுக்கென்று நியூட்ரல் கேட்காத வகையும் இருக்கிறது என்றான். பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தருவேன் என்று பேசி, இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வாங்கினேன்.

கண்ணாடிப் பலகையை அத்தை கையில் கொடுத்தேன். பூனையைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்தார். "இதுல எங்கீங்க மாப்ள அமுக்கறது? ஒரு மேடு பள்ளம் இல்லீங்களே. டக்குன்னு சத்தம் வந்தாத்தானுங்க போட்டோமுன்னு தெரியும்." அதோடு அந்தப் பலகை உங்கள் மர ஸ்விட்ச் பெட்டி அளவுக்குப் பொருந்தாது, சுவரை உடைக்க வேண்டும்.

நியூட்ரல் கேட்காத வகையை, கரண்ட் வருகிற ஒயரையும் விளக்குக்குப் போகிற ஒயரையும் மட்டும் கொடுத்து, எலக்ட்ரீசியன் முருகேசன் கூடத்தில் மாட்டினான். அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுக்கிக்கொண்டே இருந்தது. "ஏனுங்க, இது செத்துதா இல்லீங்களா?" என்றார் அத்தை. முருகேசனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சின்ன வாட்ஸ் பல்புக்கு இப்படித்தானுங்க ஆகும்" என்றான்.

கழற்றச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்து அந்தப் பெட்டிக்குள் நானே எட்டிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் கறுப்பு ஒயர்! நியூட்ரல்! சமையலறைப் பெட்டியைத் திறந்தோம், அங்கேயும் இருந்தது. புழக்கடைப் பக்கமும் இருந்தது. எல்லாம் ஒரே வேலைக்குத்தான் வந்திருந்தன. கரண்ட் இருந்தால் எரிகிற, பெட்டிக்கு ஒன்றாக நீங்கள் வைத்து எப்போதோ கெட்டுப்போன அந்தச் சிவப்பு இண்டிகேட்டர் விளக்குக்கு.

நினைவிருக்கிறதா மாமா? கல்யாணமான புதிதில் நான் கேட்டேன், "ஏனுங்க மாமா, ஊடு முழுக்கச் செவப்புப் பொட்டு வெச்சிருக்கீங்க, கரண்ட் பில்லு யாரு கட்டறது?" நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டே "எரியட்டும் மாப்ள" என்றீர்கள். ஒரு ரூபாய் ஒயரை வீணாக்காத மனிதர், பெட்டிக்குப் பெட்டி கறுப்பு ஒயர் இழுத்தது எதற்கு?

கவிதா ஒரு காரணம் சொன்னாள்: தோட்டத்துக்கு மோட்டார் போட, கரண்ட் வந்ததா என்று தெரிந்துகொள்ள. அதற்கு ஒரு விளக்கு போதுமே! புழக்கடையில் எதற்கு?

கவிதா உள்ளே போனதும் அத்தை சொன்னார்: "பொழுதாயிருச்சுன்னா எனக்குக் கண்ணு அப்பவே செரியாத் தெரியாதுங்க. கட்டிட்டு வந்த ஊட்டுல இதைச் சொல்ல முடியுங்களா? ஆருகிட்டயும் சொல்லுல. ஒரு நாளு சொவத்தைத் தடவிட்டு நின்னேன், உங்க மாமா பாத்துட்டாரு. ஒண்ணுங் கேக்குல. அப்புறமேட்டுக்குத்தான் இந்த லைட்டு வந்துச்சு."

"உங்களுக்காகத்தானான்னு கேட்டீங்களா அத்தை?"

"நான் எதுக்குங்க கேக்கறேன்? கேட்டா நானாச் சொன்னாப்பல ஆயிருமில்ல."

நீங்கள் போன பிறகு அந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்திருக்கின்றன. மாற்றச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அத்தை விட்டுவிட்டார். அவருக்காகத்தானே மாமா? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

கடைசியில் நான் எடுத்தது, பழைய ஸ்விட்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஸ்மார்ட் ஸ்விட்ச் வேலையைச் செய்கிற சின்ன டப்பா. அதற்கு நியூட்ரல் வேண்டும், பெட்டியில் ஆழமும் வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது. வெளியே அதே ஸ்விட்ச், அதே டக். கூடவே மாட்டிய சென்சார் ஆள் அசைவதைப் பார்த்துவிடும், கட்டிலிலிருந்து அத்தை கால் கீழே வைத்தால் சமையலறை வரைக்கும் தானாக எரிகிறது. பூனை நடந்தாலும் எரிகிறது, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆவணியும் பிறந்துவிட்டது, அத்தை பரமத்தி வேலூரில்தான் இருக்கிறார்.

கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேரும் பேசி முடித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்விட்ச் ஒன்றையும் கழற்றக் கூடாது. கேமரா கிடையாது. விளக்கு எரிகிறதா என்று கவிதா போனில் பார்க்கலாம், அணைக்கக் கூடாது. பதிலுக்கு, விழுந்தால் அத்தை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். எல்லாப் பெட்டியிலும் சிவப்பு விளக்கு புதிதாக மாட்டியாயிற்று, எது கெட்டாலும் அத்தை கேட்காமலே நான் மாற்றிவிடுவேன். அந்த வீட்டுக் கரண்ட் பில் இனி என் கணக்கு.

இப்படிக்கு,
பில்லை யார் கட்டுவது என்று அன்றைக்குக் கேட்ட
உங்கள் மாப்பிள்ளை