மஞ்சள் சட்டைக்கு அசுவினி, நீலச் சட்டைக்கு இலைப்பேன்

மார்ச் 4

ஆலையை மூடியதிலிருந்து குட்டி போட்ட பூனையாக வீட்டுக்குள் உலாத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை இன்று என் நாற்றுக்கூடத்துக்கு இழுத்து வந்தேன். இருபது வருடம் லேத்தில் இரும்பு கடைந்தவர். மூன்றே மணி நேரத்தில் எனக்கே மிளகாய் நாற்றைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்! ஆனாலும் கை கழுவும்போது சிரித்தார். அவர் சிரித்து இரண்டு மாதம் ஆகிறது. இங்கேயே நிலைத்துவிட்டால் போதும் எனக்கு.

மார்ச் 6

இலைகள் சுருள்கின்றன. அடுத்த சனிக்கிழமை மூவாயிரம் நாற்று கொடுத்தாக வேண்டும். அவர் இலைப்பேன் என்கிறார், நான் அசுவினி என்கிறேன்; இரண்டுமே இலைச்சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சிகள். புத்தகம் படித்தாராம் — ஒரே ஒரு பக்கம். மதியத்துக்குள் அவருடைய மஞ்சள் சட்டையில் அசுவினி மொய்த்துவிட்டது. அதற்கு மஞ்சள் என்றால் உயிர். "சாட்சி உங்க முதுகிலேயே உட்காந்திருக்கு" என்றேன். முகம் போன போக்கைப் பார்க்கணுமே! எல்லா நாற்றுத் தட்டுகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன்.

மார்ச் 7

அவர் ஜன்னலோர வரிசைப் பக்கம் தனியாகவே வேலை பார்த்தார். ரொம்பத்தான் ஓட்டிவிட்டேனோ?

மார்ச் 9

மற்ற வரிசைகளில் புதுத் துளிர் நேராக வருகிறது. ஜன்னலோர வரிசை மட்டும் அப்படியே.

"அசுவினின்னா இலை கீழ்ப்பக்கமா மடங்கும், பிசுபிசுன்னு இருக்கும். இது மேல்பக்கமா மடங்கியிருக்கு, பிசுக்கே இல்ல. பாரு" என்றார்.

நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "நாளைக்குப் பாக்கலாம்" என்றேன்.

மார்ச் 10

ஆலையின் நீலச் சட்டையில் வந்து நின்றார். மூடிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. அதன்மேல் கிரீஸ் வேறு! இலைப்பேனுக்கு நீலம்தான் பிடிக்குமாம், கிரீஸில் ஒட்டிக்கொள்ளுமாம். ஜன்னலோரம் ஒரு மணி நேரம் கம்பம் மாதிரி நின்றார். "மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்" என்று கெஞ்சல் வேறு. விழுந்து விழுந்து சிரித்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் — முதுகெல்லாம் நூல் நுனி போல இலைப்பேன். சிரிப்பு நின்றுவிட்டது. இது தண்ணீருக்கு அசையாது, மருந்துதான் அடிக்க வேண்டும். நாலு நாளை வீணாக்கிவிட்டேனே!

"தப்பு என்னோடதுதாங்க."

"அது இருக்கட்டும், இந்தச் சட்டையை யார் துவைக்கிறது?"

மார்ச் 14

இருநூறு நாற்று போச்சு. கூடுதலாக விதைத்திருந்ததால் மானம் தப்பியது. மூவாயிரமும் வண்டி ஏறின.

மார்ச் 28

நாற்று வாங்க வந்த ஒருவர் கத்தரி இலை ஒன்றை நீட்டி, "இது என்ன பூச்சிங்கம்மா?" என்றார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவரைக் கேளுங்க" என்றேன்.