முகம் இருந்த பக்கம்

மார்ச் 3
ஆட்டம் பிடிக்காமல் நான் பாதியில் எழுந்து போனதாகச் சொல்லித் திரிகிறார்கள். தவறு. எழுந்தது உண்மை. போனது வீட்டுக்கு அல்ல.

மகள் போனில் கேட்டாள்: "முகத்தச் சுளிச்சுக்கிட்டு முன் வரிசையிலேருந்து எழுந்து போயிட்டீங்களாமே?" என் முகம் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றேன். சிரித்தாள். நம்பினாளா, தெரியவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். நேற்று எங்கள் மன்றத்தில் ஆதிகுடிப் பெண்கள் ஆடினார்கள். ஊரில் தினமும் பார்க்கிறவர்கள்தான். தலைவி பஸ் கண்டக்டர். ஒருத்தி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மற்றவர்கள் பிஸ்கட் கம்பெனியில். மன்றக் குழுவில் மூத்தவள் என்று வரவேற்புரையை என் தலையில் கட்டியிருந்தார்கள். திரை விலகியது. இடுப்பில் கை கோத்து, பிறைபோல் வளைந்து, பின்திரையைப் பார்த்தபடி நின்றார்கள். எங்களுக்கு வெறும் முதுகு.

முதுகைக் காட்டி நின்றால் நான் படித்த கான்வென்ட் சிஸ்டர்கள் முட்டி போடவைப்பார்கள். எனக்கும் முதலில் சுருக்கென்றது. பிறகு அந்த முதுகுகள் எல்லாம் ஒரே மூச்சில் ஏறி, ஒரே மூச்சில் இறங்கின. தரையே காலைத் தூக்கிக் கொடுப்பதுபோல் இருந்தது. பாட்டின் நடுவில் தோள்கள் குலுங்கின. சிரிப்பா, அழுகையா? முதுகை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? பொறுக்க முடியவில்லை. எழுந்து, சாமான் அறை வழியாகச் சுற்றிப்போய், பின்திரையை விலக்கி நின்றேன்.

முகங்கள். என்னவென்று எழுத?

மார்ச் 4
எழுத வரவில்லை.

மார்ச் 5
மறுபடி முயல்கிறேன். சலவைக்கூடத்துப் பெண்ணுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்துக்காரி கண்ணாலேயே கேலி செய்து அவளைச் சிரிக்கவைத்தாள். கால் மட்டும் பிசகவே இல்லை. திடீரென்று கண்டக்டர் விசில் ஊதினாள். வரிசை ஓடும் பஸ்ஸாகிவிட்டது — கம்பியைப் பிடிக்காமல் நெரிசலில் நிற்கிற நிலை, பிரேக் போட்டதும் சாய்கிற சாய்வு. இந்த வருஷம் அவளே அமைத்ததாம். ஆனால் கால் அதே பழைய கால். பழையது எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது? புல்லரித்துப்போய் நின்றேன். சர்ச்சுக்குள்கூட இப்படி நின்றதில்லை, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஆட்டத்துக்கு முன் வாசலில் என்னை மேடம் என்ற கண்டக்டர், ஆடி முடித்ததும், "அக்கா, இந்தப் பக்கம் வந்துட்டு சும்மா நிக்கலாமா? முகம் பாத்தவங்க எங்க வரிசையில சேந்து கால் வைக்கணும். அதான் எங்க வழக்கம்" என்றாள்.

"எனக்கு முட்டி வலி."

"என் பஸ்ல நின்னுட்டு வர்றீங்கல்ல? அது போதும்."

இந்த வயதில் என்னை அக்கா என்று கூப்பிட ஓர் ஆள்.

மார்ச் 9
குழுக் கூட்டம். செயலாளர் என்னிடம் படித்தவன், இப்போது வழுக்கை. "டீச்சரே எழுந்து போயிட்டாங்க. அடுத்த மாசமும் ஆடக் கேக்குறாங்க. ஜனங்களப் பாத்து ஆடுறதா இருந்தா மன்றத்தக் குடுப்போம். இல்லன்னா வேணாம்."

என்னைக் காட்டியே அவர்களுக்குக் கதவைச் சாத்துகிறான். "நான் போனது மேடைக்குப் பின்னால" என்றேன். அதற்குள் டீ வந்துவிட்டது. யார் காதிலும் விழவில்லை.

மார்ச் 10
பஸ்ஸிலேயே கண்டக்டரிடம் சொன்னேன். டிக்கெட் கிழித்தபடியே, "திரும்பி நின்னா அது வேற ஆட்டம்க்கா. அத நாங்க ஆடல" என்றாள்.

"ஜனங்களுக்கு உங்க எதிர்ல நாற்காலி போட்டுட்டா?"

"உக்காந்துட்டா கால எப்படி வைப்பாங்க?"

பின்னாலிருந்து ஒருவர், "கூட்டத்த இறங்கி நடத்துங்கம்மா, வழி விடுங்க" என்றார்.

மார்ச் 12
ஒத்திகைக்குப் போனேன். கால் வைத்தேன். முட்டி விண் விண் என்கிறது. போகட்டும்.

மார்ச் 15
செயலாளரிடம் போனில் பேசினேன். "பாத்துக்கலாம் டீச்சர்." அவனுடைய பாத்துக்கலாமை ஆறாம் வகுப்பிலிருந்தே அறிவேன். ஆகவே இன்று அவனுக்கு அனுப்பிய கடிதத்தை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"நான் எழுந்து போனது அவர்கள் முகத்தைப் பார்க்க. அடுத்த மாத நிகழ்ச்சிக்கு மன்றத்தின் நாற்காலிகளை அகற்ற வேண்டும். அவை என் கணவர் நினைவாக நான் கொடுத்தவை. அவர் ஆட்சேபிக்க மாட்டார். முடியாதவர்களுக்கு ஓரமாக ஒரு பெஞ்சு போதும். மற்றவர்கள் முகம் இருக்கிற பக்கம் வந்து கால் வைக்கட்டும். கண்டக்டருக்கு இடப்பக்கம் மட்டும் யாரும் நிற்க வேண்டாம். அது என் இடம். சம்மதமா இல்லையா என்று எழுத்தில் பதில் தரவும்."