புது மேனேஜரும் வடக்கு ஜன்னலும்

ஜூன் 7, சனி

காலை முதல் மழை. துணி எதுவும் காயவில்லை. பிசியோ வரவில்லை, ரோட்டில் தண்ணீராம்.

மாலை கிளப் கமிட்டி கூடியது. புது மேனேஜர் சுயம்பு. மண்டைக்காட்டுப் பக்கத்து ஆள். மஸ்கட்டில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்கியவர். செயலாளர் குடையை மடக்காமலே கேட்டில் நின்று சொன்னார்.

"டீச்சர், வேற வழி இல்ல. சீசன் தொடங்கப்போவுது. அண்ணனுக்கு இப்ப சொல்லாண்டாம், கேட்டியளா."

தலையாட்டினேன். என் அண்ணன்தான் இவ்வளவு காலம் மேனேஜர். வாதம் வந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்து, போன மாதம்தான் வீடு திரும்பினார். வலது பக்கம் அசைவில்லை. நாக்கு இழுக்கிறது. மனசுக்கு அதிர்ச்சி கூடாது என்று டாக்டர்.

சு. பற்றி என் கருத்து (யாரும் கேட்கவில்லை): ஆரஞ்சு நிறக் கூம்புகள். லேப்டாப். வாய்க்கு வாய் 'சிஸ்டம்'. எங்களுக்கு எப்போதும் ஒரே சிஸ்டம்: பின்னாலிருந்து நீளமாக அடி, ரெஜின் ஓடிப் பிடிப்பான். ரெஜினுக்கு முழங்கால் போய்விட்டது என்பதும் உண்மை. அண்ணன் அதைப் பார்க்க மறுத்தார் என்பதும்.

நான் எதிர்ப்பது சு.வையா, அண்ணன் படுத்துக்கிடப்பதையா? தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

மழை இல்லை. வானம் மூடம். கல்லூரியில் அட்மிஷன் கூட்டம். மாத்திரை வாங்க மறந்தேன்.

பயிற்சி காலை நேரத்துக்கு மாறிவிட்டது. முன்பு மாலையில். கிரவுண்டு எங்கள் வடக்குச் சுவருக்கு அப்பால்தான். அடுக்களையிலிருந்து பார்த்தேன். சு. சத்தம் போடுவதில்லை. ஒரு விசில், பிறகு கை காட்டுகிறார். எல்லாம் குட்டிக் குட்டிப் பாஸ். இந்தச் சேற்றிலா?

மைனி, அண்ணனின் மனைவி, ஓடிவந்து அவர் அறை வடக்கு ஜன்னலை அடைத்தாள். "சாரல் அடிக்கும்." சாரலே இல்லை. ஃபேனையும் முழு வேகத்தில் வைத்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தபடி.

ஜூன் 11, புதன்

இரணியல் பஸ். பின் சீட்டில் இரண்டு பேர், டீம் பையன்களின் அப்பாக்கள்.

"மஸ்கட்டுல என்ன ஒட்டகத்துக்கா மக்கா கோச்சிங் குடுத்தான்?"

"ஒனக்க மவனுக்கு ஒட்டகம் தேவலை. வெள்ளம் குடிக்காமலாவது ஓடும்."

சிரித்துவிட்டேன். என்னைத் தெரிந்துகொண்டதும் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிறகு ஒருவர் மெல்ல: "அண்ணனுக்கு எப்படி இரிக்கு டீச்சர்?"

ஊருக்கே தெரியும். அண்ணன் ஒருவரைத் தவிர.

ஜூன் 12, வியாழன்

மீன்: சாளை. மாத்திரை வாங்கியாயிற்று.

சு. கேட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. சனிக்கிழமை முதல் மேட்ச். ஜெர்சி வேண்டும்.

எங்கள் கிளப்பில் டீமை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. ஜெர்சிகள் மேனேஜர் வீட்டில் இருக்கும். மேட்ச் அன்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பார். வாங்கியவன் ஆடுவான். வாங்காதவன் காம்பவுண்டு சுவரில் உட்காருவான். விளக்கம் கிடையாது.

ஜெர்சிகள் அண்ணன் அறை அலமாரியில், கட்டிலுக்கு நேர் எதிரே. எடுத்தால் தெரிந்துவிடும். பயிற்சி பனியனில் ஆடினால் என்ன என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். பயலுவதான் கேக்க மாட்டேங்கினும். ஜெர்சி கையில வாங்காம எறங்க மாட்டோம்னு நிக்கினும்."

கேட்டைச் சாத்தியபடி சொன்னார். "அண்ணனுக்குத் தெரியாம எடுத்துத் தராதிய. அது வேண்டாம்."

கூம்பு வைக்கிற ஆளிடம் இதை எதிர்பார்க்கவில்லை. காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மைனியுடன் வாக்குவாதம். சொல்லிவிடுவோம் என்றேன்.

"ஏட்டி, அவிய தாங்க மாட்டாவ. ஒறங்கும்போ எடுத்துக் குடு. பொறவு பாக்கலாம்."

சு. வேண்டாம் என்றதையும் மீறி மதியம் போனேன். அண்ணன் கண் மூடியிருந்தார். அலமாரிக் கதவு வழக்கம்போல் கிரீச்சிட்டது. மூட்டையை எடுத்துத் திரும்பினேன்.

"ஏழாம் நம்பருக்கு... காலர் கிழிஞ்சிருக்கு. தச்சுக் குடு பிள்ளே."

கண்ணைத் திறக்கவே இல்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. மூட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்றேன்.

"காலையில விசில். ஒண்ணுதான் ஊதுதான். நான் மூணு ஊதுவேன்."

அப்படியானால் முதல் நாளே. ஏன் சொல்லவில்லை?

"நீங்க ரெண்டுபேரும் பாடுபட்டு ஜன்னல அடச்சிய. பொறவு நான் என்னத்தச் சொல்ல."

மைனி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுக்களைக்குப் போய்விட்டாள். வெகுநேரம் பாத்திரச் சத்தம்.

காலர் தைத்தேன். நூல் நிறம் பொருந்தவில்லை.

ஜூன் 14, சனி

விடியும்போது மழை, பிறகு வெறித்தது. அண்ணனைச் சக்கர நாற்காலியில் முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். பையன்கள் வரிசையாக. சு. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அண்ணே, இன்னைக்கு நீங்களே குடுங்க."

அண்ணன் இடது கையால் மூட்டையை அவர் பக்கம் தள்ளினார். "நான் குடுத்தா எனக்க டீம். ஒனக்க டீம நீ குடு."

சு. ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ரெஜினுக்குக் கிடைக்கவில்லை. அவன் போய்ச் சுவரில் உட்கார்ந்தான். சின்ன வயதிலிருந்து அண்ணன் ஒரு மேட்சிலும் உட்கார வைக்காதவன். எல்லோரும் அண்ணன் முகத்தைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்தார்.

"ரெஜினுக்கு ஒரு சாயா குடு."

கொடுத்தேன். குடித்தான். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டே போனான்.

மேட்ச்: இரண்டு கோல் வாங்கித் தோல்வி. பாதி பாஸ் தண்ணீரில் நின்றது, நான் சொன்னதுபோலவே. ஆனால் முதல் பாதியில் கொஞ்ச நேரம் நன்றாக ஆடினார்கள். எழுதத்தான் வேண்டும்.

முடிந்ததும் அழுக்கு ஜெர்சி மூட்டை சு.வின் ஸ்கூட்டரில் ஏறியது. எப்போதும் ஜெர்சி காயும் எங்கள் கொடியில் இன்று என் இரண்டு சேலை மட்டும்.

அண்ணன்: "பந்து தரையில ஓடுச்சா?"

"ஓடிச்சு. தண்ணியில நின்னுட்டு."

"மழ விடட்டும்."

வடக்கு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். இப்போது நிஜமாகவே சாரல். கட்டில் நனைகிறது. சுவரை விட்டுத் தள்ளிப் போட ஆள் வேண்டும். நாளை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ரெஜினைக் கூப்பிட வேண்டும்.