மேராந்தி ஏரிச் சேற்றை அள்ளும் முன் மறுபரிசோதனை கோருதல்

அனுப்புநர்:
இன்பராணி த/பெ லியோனார்ட்,
மேராந்தி தோட்டக் குடியிருப்பு,
காஹாங், ஜொகூர்.

பெறுநர்:
திட்ட அதிகாரி,
ஏரித் தூர்வாரும் பிரிவு,
காஹாங்.

பொருள்: மேராந்தி ஏரியின் அடிச்சேற்றை மறுபரிசோதனைக்கு முன் அகற்றாதிருக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வேரி குறித்து நான் முன்பு அனுப்பிய மனுக்கள் மலாயில் இருந்தன. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திடுவோம் என்று குடியிருப்பாளர்கள் கூறியதால் இது தமிழில் உள்ளது. மலாய் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

2. செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீர் ஏரியில் விடப்பட்ட பிறகே விரால் மீன்கள் அழிந்தன என்பது மக்களின் கூற்று. அங்கு என்றுமே மீன் இருந்ததில்லை என்பது ஆலையின் பதில். பாசிர் கூடாங்கில் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றும் எனக்கு இரு தரப்பின் நினைவாற்றல் மீதும் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் மீன்கள் உதிர்க்கும் செதில், கழிவு ஆகியவற்றின் மரபணு, சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்து பல்லாண்டுகள் அழியாதிருக்கும். ஆலை வருவதற்கு முந்தைய அடுக்கைச் சோதித்தால் விடை தெரியும். மாதிரி எடுக்கத் தாங்களும் ஒப்புதல் அளித்தீர்கள், அதற்கு நன்றி.

3. எடுத்த சேற்றுக் குழாய்களைத் தங்கள் பணியாளர்கள் சிற்றுண்டி அறைக் குளிர்பெட்டியில், மூடி இறுகாத நிலையில், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களுடன் வைத்திருந்தனர். ஆய்வறிக்கையில், அந்தச் சோற்றுடன் வைக்கும் நெத்திலி வந்தது. கடல்மீன் வந்த மாதிரியில் வேறெதையும் நம்ப இயலாதென்று ஆய்வகம் முழுவதையும் தள்ளுபடி செய்தது. அது சரியே. தொலைபேசியில் விசாரித்தபோது தங்கள் எழுத்தர் திரு. சுகுமாறன், "மீன் இருக்கான்னுதானே பாக்கச் சொன்னீங்க டீச்சர், இருக்குதே லா" என்றார். நான் ஆசிரியையும் அல்ல.

4. இப்போது, மீன் இருந்ததற்கு ஆதாரமில்லை எனக் கோப்பு மூடப்பட்டு, எங்கள் புகாருக்குத் தீர்வாக ஏரியைத் தூர்வார அறிவிப்பு வந்துள்ளது. வரும் திங்கட்கிழமை இயந்திரங்கள் வருகின்றன. நல்லெண்ணத்தில் எடுத்த முடிவாகவே கருதுகிறேன். ஆனால் குழாய்த் தண்ணீர் நிற்கும் நாட்களில் எங்களுக்கு இன்றும் அந்த ஏரிதான். குளித்த பிள்ளைகளுக்குச் சொறி வருகிறது. சேறு போய்விட்டால் ஆலையைக் கேள்வி கேட்க எங்களிடம் வேறெதுவும் இல்லை. கழிவுநீர்க் குழாய் மட்டும் அங்கேயே இருக்கும்.

5. ஆகவே, தூர்வாருவதை நிறுத்திவைத்து, ஆலைப் பிரதிநிதியும் குடியிருப்பாளர்களும் உடனிருக்க மீண்டும் மாதிரி எடுக்க அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். ஆய்வகத்தினரே வந்து எடுத்துச் செல்லட்டும். என் கையும் அதில் பட வேண்டாம். அங்கு விரால் இருந்ததே இல்லை என்று முடிவு வந்தால், அதை எழுத்தில் ஏற்றுக்கொண்டு, இவ்வேரி குறித்து இனித் தங்களுக்கு எழுதமாட்டேன். பார்க்காமலே "இல்லை" என்று மட்டும் முடிவுசெய்துவிட வேண்டாம்.

திங்கட்கிழமைக்கு முன் ஒரு வரிப் பதிலேனும் வேண்டி,

(இன்பராணி)

நாள்: 12.06.2025
இடம்: காஹாங்

இணைப்பு: மலாய் மொழிபெயர்ப்பு, குடியிருப்பாளர் கையெழுத்துகள்