மறுஉலகத்தில் கற்பூரம்

12-1-1974

பனகல் பார்க் பக்கம் சேலைக்கடை வைத்திருக்கும் ராஜரத்தினம் அண்ணாச்சியின் மகன் சண்முகவேல் சினிமா எடுக்கப் போகிறானாம். கேமரா நான். கதை இதுதான்: ஒருத்தன் மயிலாப்பூரில் தன் வீட்டுக் கதவைத் திறக்கிறான். அந்தப்பக்கமும் அதே மயிலாப்பூர், அதே பெண்டாட்டி. ஆனால் அவளுக்கு இவன் யாரென்றே தெரியாது.

"இணை உலகம் பாய். முழுக்க சயின்ஸ்."

பி.எஸ்ஸி.யைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவன் எனக்கு சயின்ஸ் சொல்கிறான். தன்னை டைரக்டர் என்று கூப்பிட வேண்டுமாம். வாய் வரவில்லை. தம்பி என்றே சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரி ஹாஜிரா கேட்டது ஒன்றுதான். "கதை கெடக்குது. ஒங்க பேரு தனியா வருமா? எத்தினி நாளு அடுத்தவன் கேமராவத் தொடச்சிக்கினு கெடப்பீங்க?"

வரும். 'ஒளிப்பதிவு: ஹபீபுர் ரஹ்மான்' என்று டைட்டிலில் தனி கார்டு. அதற்காக எந்தக் கண்றாவியையும் எடுப்பேன்.

20-1

மறுஉலகத்துப் பெண்கள் சேலையின் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கட்ட வேண்டும் என்றான் தம்பி. அண்ணாச்சி விடவில்லை. "சரிகை தெரியாம சேலை எதுக்குல? நம்ம கடைச் சரக்குல்லா!"

ஆக, எந்த உலகத்திலும் சரிகை நேராகவே இருக்கும். விஞ்ஞானம் வாழ்க!

1-2, வெள்ளி

அடையாறில் ஒரு வாடகை பங்களா. பூஜை. முதல் ஷாட்டாகக் கற்பூரத் தட்டை எடுத்தேன். வழக்கமாக அதைத் தனித் துண்டு பிலிமில் எடுத்துத் தூரப் போடுவோம். அண்ணாச்சி பதறினார். "பூஜை போட்ட பிலிமை எறியவா? ராசி போயிரும் பாய். அதுலயே சீனையும் எடுங்க." எடுத்தேன்.

சீன், கதாநாயகி பங்கஜத்தை இரண்டு பங்கஜமாகக் காட்டுவது. லென்ஸில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒருமுறை எடுக்க வேண்டும். பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை. சுற்றும்போது தம்பி என் காதில் பரிமாணம், பரிமாணம் என்று ஓதிக்கொண்டிருந்தான்.

"நாலாவது பரிமாணத்தை எங்க வைக்கட்டும் தம்பி? ஸ்டாண்டுக்கு எடது பக்கமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ரோஷமில்லாத ஜென்மம்.

6-2

லாபில் போட்டுப் பார்த்தோம். பங்கஜத்தின் முகத்துக்குள் கற்பூரம் எரிகிறது.

பூஜை ஷாட் முடிந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நான் பிலிமின் ஆரம்பம் வரைக்கும் சுற்றி, கற்பூரத்தின் மேலேயே அவளை எடுத்துவிட்டேன். நான்! கத்துக்குட்டிகூடச் செய்ய மாட்டான்.

விளக்குப் போட்டதும் அண்ணாச்சி எழுந்தார். "இது யாரு செஞ்ச வேலை?" நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"நான்தாம்ப்பா அப்படி எடுக்கச் சொன்னேன். அந்த உலகத்து ஆளுங்களுக்கு உயிரு வெளிய தெரியும்" என்றான் தம்பி.

எவ்வளவு கொழுப்பு! என் தப்பைக்கூடத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறான்.

7-2

அந்த ஷாட் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

13-9

மயிலாப்பூரில் பகல் காட்சி. பாதி அரங்கம் காலி. "இன்னாப்பா இவன், கதவத் தொறந்துக்கினே கீறான்!" என்று ஒருவன் கத்த, விசில். கார்டில் என் பெயர் வந்தபோது ஹாஜிரா மட்டும் கை தட்டினாள்.

பிறகு கற்பூரம் வந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பார்த்து மற்றவர்களும். ஒருத்தி எழுந்து நின்றே கும்பிட்டாள்.

22-9

அண்ணாச்சி விடுவாரா? இரண்டே நாளில் விஞ்ஞானத்தையெல்லாம் வெட்டிவிட்டு, போஸ்டரில் சூலத்தை வரைந்து பக்திப் படமாக்கிவிட்டார். இப்போது கூட்டம் நெரிகிறது. தம்பி தன் பெயரை எடுத்துவிடச் சொன்னானாம். கோழை.

4-12

இப்போது எனக்குக் கற்பூர பாய் என்று பெயர். வெள்ளிக்கிழமை இன்னொரு அம்மன் படத்துக்குப் பூஜை.

பக்ரீத்துக்கு ஹாஜிராவுக்குச் சேலை எடுக்க அண்ணாச்சி கடைக்குப் போனேன். தம்பி சேலை மடித்துக்கொண்டிருந்தான். சும்மா வரலாம், வரவில்லை. "கற்பூரம் ஒன் ஐடியான்னியே, அப்பறம் பேர ஏன் எடுத்தே?" என்றேன்.

"என் ஐடியாவா? நீங்க சொதப்புனது திரையில பார்த்ததுமே தெரிஞ்சுதே பாய். அப்பா வேற கேமராமேனைப் பேசி வச்சிருந்தாரு. நான் வாயத் தொறக்கலைன்னா அன்னைக்கே உங்கள அனுப்பியிருப்பாரு."

"தெரிஞ்சேவா பழிய நீ ஏத்துக்கினே?"

"உங்க மூஞ்சியப் பார்த்தேன். பாவமா இருந்தீங்க" என்றான். என்னைப் பார்த்து, இவன்!

ஒரு பச்சைச் சேலையை விரித்து, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "படத்துல இப்படித்தான் கட்டச் சொன்னேன்." நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக, வேறு ஏதோ ஊர்ச் சேலை போல இருந்தது. லட்சணமாகவே இருந்தது. அன்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதையே வாங்கி வந்தேன். "நல்லா கீதே, யாரு எடுத்துக் குடுத்தது?" என்றாள் ஹாஜிரா.

"டைரக்டர்" என்றேன்.