நடுவில் ஒரு கப்பல்

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்தில் இன்று பிழை பார்க்க என் மேசைக்கு வந்த மெய்ப்பு, நகராட்சியின் வரவேற்பு மலர். நம் நகரத்தின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வருகிறதாம். ‘இப்பெயர் கொண்ட இரண்டாவது கப்பல்’ என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவதா? முதல் கப்பல் போரில் மூழ்கியது. இது மூன்றாவது. நடுவில் இருந்ததில் கொதிகலன் வெடித்து ஒன்பது பேர் வெந்து செத்தார்கள். அதில் ஒருவன் என் தம்பி. இருபத்து மூன்று வயது.

அடித்து, ‘மூன்றாவது’ என்று எழுதினேன்.

மார்ச் 6

திருத்தாமலே திரும்பி வந்திருக்கிறது.

மார்ச் 7

மேலாளரிடம் கேட்டேன். “போர்ல செத்தா வீரம், மேடம். பாய்லர் வெடிச்சா விபத்து. நல்ல நாள்ல அத ஏன் கிளறணும்? நீங்க எழுத்துப் பிழைய மட்டும் பாருங்க.”

ஒரு ‘க்’ விட்டுப்போனால் கூப்பிட்டு வைத்துக் காய்ச்சுவார். ஒரு கப்பலே விட்டுப்போனால் பரவாயில்லையாம். விபத்தாம்! பழுது, பழுது என்று கப்பலில் இருந்தவர்களே மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் கடலுக்கு அனுப்பினானுங்களே, அதுக்குப் பேரு விபத்தா?

மார்ச் 8

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கேட்டாள்: “அப்ப என் புள்ள எந்தக் கப்பல்லடி வேல பார்த்தான்?”

மார்ச் 10

மெய்ப்பில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “வேலை வேணாமா?” என்றார். வேண்டும்தான். ஆனாலும் போடவில்லை.

மதியம் அந்தக் கப்பலின் கேப்டனுக்குக் கடிதம் எழுதினேன். ‘பிழை ஒன்றைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று தொடங்கி, ஒன்பது பெயர்களையும் எழுதினேன்.

மார்ச் 15

பதில் இல்லை. என்னை பைண்டிங்குக்கு மாற்றியாயிற்று. அந்த மலரை நானே மடித்து, நானே தைத்தேன்.

மார்ச் 20

கடற்படை உறை. இரண்டு பேருக்கு அனுமதிச் சீட்டு. கடிதம் ஏதும் இல்லை.

மார்ச் 22, சனி

மேடையில் ‘இரண்டாவது, இரண்டாவது’ என்று முழங்கிக்கொண்டிருந்தார்கள். விழா முடிந்ததும் கேப்டன் அம்மாவையும் என்னையும் தேடி வந்து, கீழே எஞ்சின் அறை வாசலுக்கு அழைத்துப் போனார். சுவரில் பழைய பித்தளைத் தகடு. அதில் ஒன்பது பெயர்கள்.

“முந்தின கப்பல உடைக்கறதுக்கு முன்னாடியே கழட்டி வச்சிருந்தாங்கம்மா. புதுசு கட்டினதும் முதல்ல இதத்தான் மாட்டினோம். எங்க கணக்குல இது எப்பவும் மூணாவதுதான்” என்றார்.

நகராட்சிக்காரர்களோடு மேலாளரும் பின்னாலேயே வந்துவிட்டார். போட்டோவுக்கு நிற்பதுபோல் முன்னே வந்தவர், தகட்டைப் பார்த்ததும் அதன்மேல் குனிந்து பெயர்களைப் படிக்கத் தொடங்கினார்.

அம்மா தம்பியின் பெயர்மேல் விரலை வைத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறையுது.”

தள்ளி நின்றார்.