பதினேழாம் எண்ணின் வெள்ளைக் கோடுகள்

வியாழன், காலை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன், பதில் எழுதாமல் நழுவாதே. உதிரிப்பாக வண்டி இன்று உங்கள் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்புகிறது. ஓட்டுநர் வண்டியைக் கழுவி முடிப்பதற்குள் இதை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. பதினேழாம் எண் காற்றாலையில் நீ எழுதிய புதிய சாஃப்ட்வேரை ஏற்றி ஏழு வாரம் ஆகிறது. அதே காற்று, அதே ஜெனரேட்டர், ஆனால் நூற்றுக்கு ஆறு பங்கு கூடுதல் மின்சாரம். முன்பெல்லாம் காற்று முரண்டு பிடித்தால் இறக்கைகள் திரும்பிக்கொண்டு பாதிக் காற்றை வழியவிட்டுவிடும். இப்போது விடாப்பிடியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தட்டில் துளி மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிடுவாயே, உன் புத்தியை அதற்கும் கொடுத்துவிட்டாய் என்றேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. மேலாளர் என்னைக் கண்டால் நாற்காலி எடுத்துப் போடச் சொல்கிறார். பன்னிரண்டு வருடமாகக் கோபுரம் ஏறுகிறேன், இதுவரை நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறேன்.

ஆட்டம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அதிர்வு அலாரம் அடித்து அடித்து இயந்திரம் நின்றுபோகிறது என்று அதன் எல்லையை உயர்த்திக் கொடுத்தாய் அல்லவா, அன்றிலிருந்து அது வாயே திறப்பதில்லை. எனக்குத்தான் அந்த ஆட்டம் இன்னும் பழகவில்லை. குடியிருப்பு பதினேழின் காலடியிலேயே இருப்பதால், மதியம் காற்று ஏறியதும் கூடத்து ஜன்னல் கண்ணாடி உறுமுகிறது. அம்மா காகிதத்தை மடித்துச் சட்டத்தில் சொருகி வைத்திருக்கிறாள். நேற்று அலமாரி ஓரத்திலிருந்து ஒரு டம்ளர் தானாகவே நகர்ந்து விழுந்ததாகச் சொன்னாள். நீதான் ஓரத்தில் வைத்திருப்பாய் என்றேன்.

நீ கேட்ட போல்ட் படங்களை அனுப்பிவிட்டேன். அம்மாவும் பார்த்தாள், இதென்ன நட்டுக்கெல்லாம் பொட்டு வைத்திருக்கிறாய் என்றாள். போல்ட்டை இறுக்கியதும் நட்டிலிருந்து அடி இரும்பு வரை ஒரே இழுப்பாக வெள்ளைக் கோடு போடுவோம், நட் நகர்ந்தால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று விளக்கினேன். கோபுரத் துண்டுகள் சேரும் இரண்டாம் இணைப்பில் மட்டும் நூற்று இருபது கோடுகள், ஒன்றுகூட விலகவில்லை. என் தம்பி வேலையில் எவனும் குறை சொல்ல முடியாது என்று உங்கள் பெரியவர்களுக்குக் காட்டு.

ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள். எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

இப்படிக்கு,
அன்பு அக்கா


நான்கு வாரம் கழித்து, வியாழன்

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படி. அம்மா நலம். அவளைக் குடியிருப்பின் அந்தக் கோடியில், என் கூட்டாளி நெட்டையன் வீட்டில் விட்டிருக்கிறேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவதாகப் பொய் சொன்னேன். நம்பவில்லை, ஆனாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை உனக்கு போன் செய்தேன். நீ கூட்டத்தில் இருந்தாய், ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். பதினேழில் கோடுகள் சரியில்லை என்று நான் ஆரம்பித்ததும், அக்கா பதறாதீங்க, படம் எல்லாம் பார்த்தாச்சு, ஒரு கோடுகூட விலகல, அதை வச்சுதான் அறுபது காற்றாலைக்கும் திங்கட்கிழமையே ஏத்திட்டோம் என்றாய். பின்னால் யாரோ கை தட்டினார்கள். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். உன்னை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதைக் கையெழுத்தோடு எழுதுகிறேன். வெறும் பேச்சைவிட இதுதான் உனக்குப் பயன்படும்.

அந்தப் படங்கள் பொய், தம்பி. பொய்யாக்கியது நான்.

படம் எடுப்பதற்கு முதல் நாள் பழைய கோடுகள் தூசியும் கிரீஸுமாக மங்கிக் கிடந்தன. சிலது விலகின மாதிரி தெரியுதே என்றான் நெட்டையன். முதலில் உன் மூக்குக்கண்ணாடியை மாற்று என்று அவன் வாயை அடைத்தேன். ஸ்பேனர் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தால் இரண்டு நாள் இயந்திரம் நிற்கும், உன் ஆறு பங்கு ஐந்தாகிவிடும். அவன் தயங்கினான், பிரஷ்ஷைப் பிடுங்கி நானே துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட்டேன். நகர்ந்த நட்டின் மேல் போட்டாலும் புதுக் கோடு நேராகத்தானே இருக்கும். தம்பி வேலை படத்தில் எடுப்பாக இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசை. ஏழு வாரத்தில் எது நகர்ந்தது, எவ்வளவு நகர்ந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஏறிப் பார்த்தபோது நான் போட்ட கோடுகளில் பத்தொன்பது விலகியிருந்தன. வெறும் நான்கு வாரத்தில். ஒரு நட்டை ஸ்பேனர் இல்லாமலே விரலால் திருகினேன், ஜாடி மூடி மாதிரி சுழன்றது. இணைப்பின் விளிம்பில் காதை வைத்தேன். இறக்கை ஒவ்வொன்றும் கோபுரத்தைத் தாண்டும்போது உள்ளே இரும்பு இரும்பைத் தொட்டது. சத்தம் பெரிதில்லை, யாரோ அடுத்த அறையில் நகத்தால் தட்டுவது போலத்தான்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வெயிலில் பெயிண்ட் இளகியிருக்கும், அறிக்கை போயாச்சு, சும்மா கிளப்பாதீங்க என்றார். இந்த முறை நாற்காலி போடச் சொல்லவில்லை. பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்ப வேண்டுமென்றால் உன் கையெழுத்து வேண்டுமாம், தன்னால் ஆகாதாம்.

சாஃப்ட்வேரை ஏற்றும் முன் மற்ற இடங்களிலிருந்தும் உனக்கு இப்படிப் படங்கள் வந்திருக்கும். படம் கேட்டால் துடைத்துப் புதுசாகப் போடுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது என்று நெட்டையன் சொல்கிறான். அந்தக் கோபுரங்களிலும் என்னைப் போல யாரோ ஏறுகிறார்கள். அவர்கள் தம்பி தலைமை அலுவலகத்தில் இல்லை, கடிதம் எழுதவும் அவர்களுக்கு ஆளில்லை. சனிக்கிழமை பெருங்காற்று வரும் என்று எச்சரிக்கை வந்துவிட்டது. அறுபதும் அந்தக் காற்றை விடாமல் பிடிக்கத்தான் பார்க்கும். அப்படித்தானே நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

உன் பதவி உயர்வு எனக்குத் தெரியாதா? இரண்டு வருடம் நீ கண் விழித்துச் செய்த வேலை. அதைக் கெடுத்த கை என் கை என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அக்கா ஏமாற்றிவிட்டாள் என்றே சொல், எனக்கு வருத்தமில்லை. என் வேலை போனால் போகட்டும்.

உறையில் இன்னொன்றும் இருக்கும். கோபுரத்துக்குள்ளே ஆள் வேலை செய்யும்போது இயந்திரத்தை யாரும் ஓட்டிவிடாதபடி சுவிட்சில் அவரவர் பூட்டைத் தொங்கவிடுவோம், பூட்டின் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது. இன்று காலை பதினேழை நிறுத்தி என் பூட்டைப் போட்டுவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது நானும் நெட்டையனும் இரண்டாம் இணைப்பில் ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்துக்கொண்டிருப்போம். மேலாளர் வந்து சாவி கேட்டார், இல்லை என்றேன். பொய்யில்லை. அது இப்போது உன் கையில் இருக்கிறது. என்னிடம் இருந்தால், அவர் நாலு முறை உன் பெயரைச் சொல்லிக் கேட்டதும் கொடுத்துவிடுவேன் என்று பயம். பூட்டை வெட்டும் கத்தரி அவர் அறையில் இருக்கிறது. அதை எடுக்கத் துணிவாரா என்று தெரியவில்லை.

ஒன்றை என்னால் பூட்ட முடிந்தது. மீதி ஐம்பத்தொன்பதுக்கு என்னிடம் பூட்டு இல்லை, உன் கையெழுத்துதான் உண்டு. வண்டி நாளைக் காலை உன்னிடம் வந்து சேரும். நாளை முழுக்க உனக்கு நேரம் இருக்கிறது. என் மேல் கோபப்படுவதைப் பிறகு வைத்துக்கொள், கையெழுத்தை முதலில் போடு, கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன்னால் ஒரு வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அக்கா